சீற்றுக்கு அடியில் ஒரு பொட்டு

பழைய சைக்கிள் பார்ப்பது பெண் பார்ப்பதைவிட மோசமான வேலை. பெண்ணாவது வாய் திறந்து தான் யாரென்று சொல்லும். என் மகள் நிரோஜாவின் சிவப்புச் சைக்கிள், இங்கே நோர்வேயில், எங்கள் கட்டடத்துக் கெல்லரில், அதாவது நிலக்கீழ் அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்தே காணாமல் போனது. சைக்கிள் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? பழசு ஒன்று வாங்கலாம் என்றால், "இன்னொரு பிள்ளையிட்டைக் களவெடுத்ததிலை நான் ஏறமாட்டன்" என்றுவிட்டாள் அவள். ஆகவே சோதனை அதிகாரி நான். கொன்வென்ற் சிஸ்டர்மாரிடம் படித்தவளுக்குப் பொய் பிடிக்கத் தெரியாதா?

சீற்றின் உயரம்

ட்வெய்ட்டாவில் சைக்கிள் விற்கும் ஒருவன், பனைமரம் மாதிரி உயரம். சைக்கிளின் சீற்றோ என் இடுப்புக்கும் கீழே. "ஒருக்கா ஓடிக் காட்டும்" என்றேன். முழங்கால் இரண்டும் ஹாண்டிலில் இடித்தன. மனைவியுடையதாம். பூட்டின் இரண்டாவது திறப்பு, அதாவது மற்றச் சாவி, எங்கே என்றால் அதுவும் மனைவியிடமாம். மனைவி எங்கே?

"போய்விட்டாள். சைக்கிளில்தான் போனாள்" என்றான். எந்தச் சைக்கிளில் என்று கேட்டேன். சீற்றை மெல்லத் தடவிக்கொண்டு சொன்னான்: "இதில்தான்."

எல்லாம் சரியாக

எல்லிங்ஸ்ருட்டில் ஒரு நோர்வேஜிய மனுசி, தன் கெல்லருக்குக் கூட்டிப்போனாள். பில் இருந்தது, இரண்டு திறப்பு இருந்தது, சட்டத்தின் அடியில் வெட்டிய இலக்கமும் பில்லோடு ஒத்துப்போனது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. எந்த வீட்டில் ஐயா இரண்டு திறப்பும் ஒரே இடத்தில் கிடக்கும்? சுவரோரம் இன்னும் பல சைக்கிள்கள், துணி போர்த்தி, பிரேதங்கள் மாதிரி. காற்றே இல்லாத அந்த அறையில் ஏதோ ஒன்றின் சில்லு மெதுவாகச் சுற்றும் சத்தம்.

எனக்கென்று சொல்லித்தான் பார்க்கப் போயிருந்தேன். நிரோஜாவைப் பற்றி மூச்சே விடவில்லை. வேண்டாம் என்று படியேறும்போது முதுகுக்குப் பின்னால் அவள் குரல்: "அவசரமில்லை. உங்கள் மகளுக்கு அளவானது ஒன்று இங்கே வரும்."

எங்கடை ஆக்கள்

பிறகு கண்ணன் என்ற தமிழ்ப் பெடியன் ஒருவன் கறுப்புச் சைக்கிள் ஒன்றை விற்க வந்தான். "அக்கா, நீங்கள் ஊரிலை எவடம்?" என்றான். கோப்பாய் என்றேன், அவனுடைய மாமி அங்கேதான் கலியாணம் கட்டியிருக்கிறாவாம். சீற்றுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். குங்குமப் பொட்டு! மழைக்கு அழியாமல் மேலே செலோரேப் ஒட்டியிருந்தது. களவு போனால் அடையாளம் காணப் பிள்ளையின் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கும் என்னைப்போல இன்னொரு கெட்டிக்காரத் தாய் என்று மனம் குளிர்ந்தது. இலக்கமும் பார்க்கவில்லை, திறப்பும் கேட்கவில்லை, காசை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் நிரோஜா குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. "அம்மா, இந்த ரேப் நான் பல்லாலை கடிச்சு வெட்டினது. இது நீங்கள் வைச்ச பொட்டு." சட்டத்தை நகத்தால் சுரண்டினாள், கறுப்புப் பெயின்ற்றுக்குக் கீழே சிவப்பு.

கண்ணனுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். பாவம், அழாத குறை. "எல்லிங்ஸ்ருட்டிலை ஒரு கெல்லர் மனுசியிட்டை வாங்கினனான். 'இது உங்கள் ஆட்களுடையது' எண்டு அந்தப் பொட்டைத்தான் காட்டினவ. நானும் அதைத்தான் நம்பினனான், அக்கா."

ஆக, களவு போன சைக்கிளைக் கண்டுபிடிக்க இத்தனை சோதனை படித்த நான், என் பிள்ளையின் சைக்கிளை என் கையால் வைத்த பொட்டைப் பார்த்தே ஏமாந்து வாங்கிவந்து, இப்போது எங்கள் கெல்லருக்குக் கொண்டுபோகப் பயந்து படுக்கையறையில் நிறுத்தியிருக்கிறேன்.