எலியின் வலது காது

அவரை மன்னித்துவிட்டாயா என்று தோழிகள் இன்றும் கேட்கிறார்கள். இல்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். பிரசவத்துக்குப் பின் தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தத்தை ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஏற்றலாம். ஆனால் ஒரு கொடியில் கிடைப்பது குழந்தைக்குக் காணும், வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் போதாது. ஒரு மருந்தில் ஊறவைத்தால் அந்தக் கொஞ்சமே நன்றாக வேர்பிடிக்குமா என்று எலிகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி எலிகளுக்கு மருந்தில் ஊறிய ரத்தம், மீதிக்கு வெறும் ரத்தம். இரண்டும் ஒரே கூண்டுகளில் கலந்தே இருக்கும். அடையாளம், நான் காதில் போட்ட ஓட்டைகள் மட்டும்தான். வலது காதில் பத்துகள், இடது காதில் ஒன்றுகள்.

புதிதாக வந்த ஆராய்ச்சியாளர் எலிகளின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்றார். கூண்டு அசுத்தமாம், அதனால் எலிகளுக்கு நோயாம். எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலிகள் அவை. குடிக்கிற தண்ணீரைக்கூட நான் கிருமி நீக்கித்தான் வைப்பேன். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஆம்பூர் டேனரிலேர்ந்து வர்றவங்களுக்கு சுத்தம்னா இன்னான்னு தெரியுமா?"

என் அப்பா டேனரியில் தோல் பதனிட்டுத்தான் என்னைப் படிக்கவைத்தார். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அவருடைய அறிக்கை மேலே போனால் எனக்கு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் எடுத்தார். ஓர் எலியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, "பன்னெண்டு" என்றார். அது இருபத்தொன்று! தன்னுடைய வலது கைப் பக்கம் இருந்த காதை வலது காது என்று எண்ணியிருக்கிறார். பன்னிரண்டு மருந்தில் ஊறிய ரத்தம் ஏற்றிய எலி, இருபத்தொன்று வெறும் ரத்தம் ஏற்றியது. இப்படியே எல்லாம் மாறிப்போயிருந்தது. அதில் என் தவறும் உண்டு. எங்கள் வீட்டில் இடது, வலது என்றால் மாட்டினுடையது. தோலை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அது மாறாது. அப்படியே பழகிய நான், ஓட்டைகளை எண்ணும் முறையைக் குறித்துக் கூண்டில் மாட்டிய அட்டையில் வெறுமனே 'வலது' என்று எழுதியிருந்தேன். யாருடைய வலது என்று ஒருவருக்குச் சந்தேகம் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். தனியாகச் சொன்னால் தனியாகத் திருத்திக்கொண்டு போய்விடுவார். என்னை அவர் கேவலப்படுத்தியது பத்துப் பேர் முன்னால். வெள்ளிக்கிழமை மீட்டிங் இருந்தது. காத்திருந்தேன்.

புதன்கிழமை ஒரு பட்டியலை நீட்டினார். "மருந்து வேஸ்ட்டும்மா. இந்த நம்பருங்கள முடிச்சுடு." மருந்து ரத்தம் ஏற்றிய எலிகள் எல்லாமே அதில் இருந்தன. மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, அவர் பேசி முடித்ததும் ஓர் எலிப் பெட்டியும் கூண்டு அட்டையுமாக எழுந்தேன். துறைத் தலைவி மேடம் தலையசைத்தார். எலியை ஆராய்ச்சியாளர் முன் நீட்டி, "சார், இது எத்தனாம் நம்பர்?" என்றேன்.

சலிப்போடு பார்த்தார். "பன்னெண்டு."

"பன்னெண்டு புதன்கிழமையே செத்துப்போச்சு சார். நீங்கதான் முடிக்கச் சொன்னீங்க."

அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க எவ்வளவு சுகமாக இருந்தது! நிறுத்த மனம் வரவில்லை. "டேனரிக்காரங்களுக்கு சுத்தம் தெரியாது சார். ஆனா எலியோட வலது எது, நம்ம வலது எதுன்னு தெரியும்." யாரோ சிரித்தே விட்டார்கள்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்தார். எலியைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ மருந்து வேலை செஞ்சிருக்கு."

"ஆமா மேடம்."

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"புதன்கிழமை அந்த எலிங்கள முடிச்சது யாரு?"

"நான்தான் மேடம்."