அக்கா போடாத கையெழுத்து

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்கள் எழுதித் தந்த குறிப்புகளில் எல்லாம் ‘அமைதியானவர்’, ‘பொறுத்துப் போனவர்’ என்றே இருந்தது. அவற்றை அடித்துவிட்டேன். பொறுத்துப் போகாததற்காகத்தான் அக்காவைத் தண்டித்தார்கள். உடன்பிறந்த தம்பி நான் அதை எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அக்கா பிறந்தது ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில். அக்கா டிப்ளமோ முடித்த ஆண்டே அப்பா காலமானார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. குடியிருப்பைக் காலி செய்துவிட்டு நூம்பலில் வாடகை வீட்டுக்கு வந்தோம். அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில், பஸ்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். செய்து முடித்த பாகங்களைச் சோதிப்பது அவர் வேலை. சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு கசியும். அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு லாரி ஏறும். அந்த வேலையில்தான் அம்மாவின் வைத்தியமும் என் படிப்பும் நடந்தன.

பதினாறு ஆண்டுகள் அப்படிப் போயின. ஒரு நாள், ஒரே சரக்கில் ஏழு பாகங்களில் விரிசல் கண்டார். மொத்தத்தையும் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். லாரி வாசலில் நின்றது. மேனேஜர் காகிதத்தை நீட்டினார்.

“அந்த ஏழு பீஸையும்தான் எடுத்துப் போட்டாச்சில்ல? மீதிக்குக் கையெழுத்துப் போடும்மா. யாரு வந்து பார்க்கப் போறா?”

“மீதி எந்தெந்த பஸ்ஸுக்குப் போவுதுன்னு சொல்லுங்க சார். அதுல ஒங்க ஊட்டுப் புள்ளைங்க ஏறாம பார்த்துக்கலாம்.”

அவர் வேறொருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அக்காவை பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டி ஒட்டப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அந்தச் சரக்கு என்ன ஆனது என்று பலமுறை கேட்டார். யாரும் சொல்லவில்லை. அதே கம்பெனி இறுதிச் சடங்குக்கு அனுப்பிய மலர்வளையத்தில் ‘அர்ப்பணிப்பு’ என்று எழுதியிருந்தது. எதற்கு அர்ப்பணிப்பு என்று எழுத இடம் போதவில்லை போலும்.

கம்பெனியை மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமையில்லை. கையெழுத்துப் போட மறுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் நானும் கத்தினேன்.

“ஒரு கையெழுத்துதானேக்கா? போட்டுட்டுப் போவ வேண்டியதுதானே? இதுல இன்னா கெடச்சுது ஒனக்கு?”

அக்கா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். “டேய், என் வேலையே அந்தக் கையெழுத்துதான்டா. அதப் பொய்யா போட்டா, அப்புறம் நான் எதுக்கு தெனம் பஸ் ஏறி அங்க போறேன்?”

பேக்கிங் பிரிவுக்குப் போன பிறகுதான் அக்கா வரையத் தொடங்கினார். கிழிந்த அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். கரையான்சாவடியில் பென்சில் வாங்குவார். உடன் வேலை செய்யும் பெண்களை மதிய இடைவேளையில் உட்காரவைத்து ஒருவர் முகத்தை ஒரு வாரம் வரைவார். பூவும் மலையும் வரையச் சொன்னோம். கேட்கவில்லை. “இத வச்சி இன்னா பண்ணப் போற?” என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். “பார்க்கப் போறேன்” என்பார். நாங்கள் சிரித்தோம்.

கடைசி இரண்டு மாதங்கள் சிறுநீரகம் பழுதாகிப் பூந்தமல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. அப்போதும், ஊசி போட வந்த நர்ஸின் கையை வரைந்தார். பாதியில் நின்றிருந்த படத்தைப் பார்த்து, “முடிக்கலியாக்கா?” என்றேன். “அந்தப் பொண்ணுக்கு ஷிப்ட் முடிஞ்சிடுச்சி. இல்லாத கைய எப்பிடிடா வரையறது?” என்றார். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கத்தன்று பந்தலில், பெரியப்பா முறையுள்ள ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பாவம். கல்யாணமும் இல்ல, வேலையில ஒசரவும் இல்ல. இன்னாத்துக்குத்தான் வாழ்ந்தாளோ.”

 பெரியவர் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றுவரை அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் தீரவில்லை. எழுந்து பேசியவர் பேக்கிங் பிரிவிலிருந்து வந்திருந்த செல்வி அம்மாதான்.

“ஒங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கய்யா. எங்களுக்குத் தெரியும்.” பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பிரித்தார். அதில் அக்கா வரைந்த செல்வி அம்மாவின் முகம். “முப்பது வருசம் அந்தக் கம்பெனியில நின்னேன். என்னை யாரும் இவ்ளோ நேரம் பார்த்ததே இல்ல.”

அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள் தங்கள் அட்டைகளை எடுத்தார்கள். 

அந்த ஐந்து பெண்களுக்கும், அக்காவின் கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த நர்ஸ் பெண்ணுக்கும், ரத்தம் கொடுத்த சபை வாலிபர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த மாடிவீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளுக்கு வருகிற உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து ‘பாவம்’ என்று சொல்லிக்கொண்டு எங்கள் வாசலில் ஏறாதீர்கள். தான் செய்வதை எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து வாழ்ந்தவர் எங்கள் வீட்டில் அக்கா ஒருவர்தான். பாவம், நாங்கள்தான்.