அமெரிக்கா போகாத டீலியா

மகள் ஓர்லாவை மனநல மருத்துவமனையில் சேர்த்த வாரத்தில் மருத்துவர் சாதாரணமாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

பெர்னி யோசிப்பதற்குள் அவள் அப்பா ஃபெஸ்டஸ் ஹெரட்டி முந்திக்கொண்டார். "இல்ல. எங்க வம்சத்துலயே கிடையாது."

பெர்னி கில்லோர்னாவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பொய் சொல்கிறவர்களின் கழுத்து எப்படி விறைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் கழுத்து அன்று அப்படி விறைத்தது. இருக்கிற கவலையில் அவள் அதை அப்போது கிளறவில்லை.

ஓர்லா ஆசிரியப் பயிற்சியில் இருந்தவள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு தூக்கம் போயிற்று. வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று நம்பத் தொடங்கினாள். ஆறு வாரம் உள்ளே இருந்து, தேறி, வசந்தத்தில் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வாசலைத் தாண்டவில்லை. தோழிகள் வந்தால் மாடிக்குப் போய்விடுவாள்.

"இனிமே எனக்கு என்னம்மா இருக்கு?" என்றாள் ஒருநாள். "உள்ள போயிட்டு வந்தவன்னு ஆயிடுச்சு. எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்க?"

பெர்னிக்கு அப்பாவின் விறைத்த கழுத்துதான் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு டீலியா என்று ஓர் அத்தை இருந்தாள். இருபத்தொரு வயதில் அமெரிக்கா போனவள் என்று சொல்வார்கள். அயர்லாந்தின் அந்த மேற்குக் கரையில் அமெரிக்கா போன ஆள் இல்லாத வீடே இல்லை. ஆனால் மற்ற வீடுகளுக்குப் பார்சல் வந்தது, டாலர் வந்தது, பூப்போட்ட கவுன் வந்தது. ஹெரட்டி வீட்டுக்கு டீலியாவிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை. கப்பல் பயணிகளின் பட்டியல்களைக் கணினியில் துழாவியதில் டீலியாக்கள் நிறையக் கிடைத்தார்கள். இந்த டீலியா கிடைக்கவில்லை.

கடையில் தலை கழுவிக்கொண்டிருந்த திருமதி லாவெல்லிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். அவள் ஈரத்தலையோடு நிமிர்ந்தாள்.

"அமெரிக்கா போயி லெட்டரே போடாதவங்கள்ல பாதிப் பேரு பஸ் போற தூரத்துலதான் இருந்தாங்க பெர்னி. எங்க சித்தப்பா ஒருத்தர் அப்படித்தான். அந்தக் காலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவுல தேடிப்பாரு. தண்ணி கண்ணுக்குள்ள போகுது, பாத்து!"

மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டாள். அந்தப் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது, ஆனால் உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவினர் சம்மதித்தால்தான் காட்ட முடியும் என்று பதில் வந்தது. அந்த உறவினர் ஃபெஸ்டஸ்தான்.

"முடியாது," என்றார் அவர், உருளைக்கிழங்கின் தோலைச் சீவியபடி. "செத்தவங்களை நிம்மதியா விடு."

"அவங்க நிம்மதியாத்தான் செத்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாடிக்கைக்காரிங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆடாத பெர்னி."

படிக்கட்டில் ஓர்லா நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"தாத்தா, நான் உள்ள இருந்தப்போ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தீங்களே, எதுக்கு?"

"இதென்ன கேள்வி? என் பேத்தியைப் பாக்க நான் வராம வேற யாரு வருவா?"

"அவங்களைப் பாக்க யாரு போனாங்க?"

ஃபெஸ்டஸ் கத்தியைக் கீழே வைத்தார். எண்பத்திரண்டு வயது மனிதர், கைகளைத் துடைக்கத் துணி எங்கே என்று தெரியாதவர்போல் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா அப்பாவைப் பாத்து ஒண்ணு சொல்லும். 'உன் தங்கச்சி போன எடத்துக்கே உன்னையும் அனுப்பிடுவேன்'னு. அமெரிக்காவுக்கு அனுப்புறதா சொல்லி யாராவது மிரட்டுவாங்களா? எனக்கு அப்பவே தெரியும். கேக்கத்தான் துணியல." பிறகு, "பேனாவைக் கொண்டா," என்றார்.

காப்பகத்துக்குப் பெர்னியும் ஓர்லாவும் போனார்கள். டீலியாவின் பக்கத்தில் சேர்த்த காரணம் சுருக்கமாக இருந்தது. அண்ணன் ஆந்தனி கல்யாணம் செய்யவிருக்கிறான்; புதுப்பெண் வரும் வீட்டைவிட்டுப் போக மறுத்துத் தங்கை தட்டுகளை உடைத்தாள்; பல இரவுகளாகத் தூக்கமில்லை, சுவரோடு பேசுகிறாள். கீழே ஃபெஸ்டஸின் அப்பா ஆந்தனியின் கையெழுத்து. பிறகு வருடத்துக்கு வருடம் வெவ்வேறு கைகள் ஒன்றையே எழுதியிருந்தன. அமைதியாக இருக்கிறாள். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்குப் போகக் கேட்கிறாள். அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

அடுத்துச் சாவுக் குறிப்புத்தான் வரும் என்று பெர்னி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினாள்.

"அம்மா, அழறதை அப்புறம் வெச்சுக்க. இங்க பாரு," என்றாள் ஓர்லா.

கடைசி வரி ஒன்பது வருடத்துக்குப் பிந்தியது. குணமடைந்தாள், டிரம்ஹேலி ஊர்ப் பேக்கரி திருமதி கான்பாயின் பொறுப்பில் அனுப்பப்பட்டாள்.

காப்பக வாசலில் நின்றபடியே டிரம்ஹேலி தேவாலய அலுவலகத்துக்கு ஓர்லா போன் செய்தாள். வீட்டை விட்டு வெளியே வராத பெண் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுவதைப் பெர்னி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையின் குரல் அவள் நின்ற இடம்வரை கேட்டது.

"டீலியாவா? எந்த டீலியா, நம்ம ரொட்டி டீலியாவா? பேக்கரி வண்டி ஓட்டுன டாம் ஃபீஹிலியைக் கட்டிக்கிட்டவ? ஐயோ கண்ணு, அவ செத்துப்போயி முப்பது வருஷம் ஆச்சே! பையன் ஜார்லத் இருக்கான். இப்பத்தான் இந்தப் பக்கம் நாயைக் கூட்டிக்கிட்டுப் போனான். கூப்பிடவா?"

அடுத்த சனிக்கிழமை மூவரும் டிரம்ஹேலிக்குப் போனார்கள். வழி நெடுக ஃபெஸ்டஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "நாப்பது மைலு. இந்த வழியாத்தானே சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன்," என்று ஒருமுறை சொன்னார்.

ஜார்லத் எழுபத்துநாலு வயது, உயரமான ஆள். கதவைத் திறந்தவர் ஃபெஸ்டஸின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மூக்கு எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இத்தனை வருஷம் யோசிச்சிருக்கேன். உள்ள வாங்க, டீ கசந்து போறதுக்குள்ள."

ஃபெஸ்டஸ் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "எங்கப்பா செஞ்சதுக்கு…"

"செஞ்சது தப்புதான்," என்றார் ஜார்லத். "இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். அம்மாவும் சொன்னதில்ல. அண்ணனுக்குத் தன்னோட கல்யாண கேக்குல ஒரு துண்டு அனுப்பிச்சாங்களாம். திரும்பி வந்துடுச்சாம். ஆனா அப்ப நீங்க பள்ளிக்கூடம் போற சின்னப் பையனா இருந்திருப்பீங்க. உக்காருங்க."

ரொட்டி, வெண்ணெய், வேகவைத்த பன்றித்தொடை இறைச்சி எல்லாம் மேசையில் இருந்தன. ஓர்லா எதையும் தொடவில்லை.

"அவங்களுக்கு மறுபடி வந்துச்சா?"

பெர்னி மேசைக்கடியில் மகளின் காலைத் தட்டினாள். ஜார்லத்துக்குக் கேள்வி புரிந்துவிட்டது.

"வந்துச்சு. நான் பொறந்தப்போ ஒருதடவை, எங்கப்பா போனப்போ ஒருதடவை. போயிட்டு, திரும்பி வந்து, மாவு பிசைஞ்சாங்க. ஊருக்கே தெரியும். மறைக்கவே மாட்டாங்க. யாராவது இளப்பமாப் பேசினா, 'நான் சரியாயிட்டேன்னு எங்கிட்ட டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கு, உங்கிட்ட இருக்கா?'ன்னு கேப்பாங்க."

ஓர்லா சிரித்தாள். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு அது. பெர்னி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்தபோது ஓர்லாவின் தட்டில் மூன்றாவது ரொட்டித்துண்டு இருந்தது. டீலியா தேவாலயத்தில் பாடுவாளா, கோபக்காரியா, எந்த நிறம் பிடிக்கும் என்று கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் ஓர்லா பயிற்சிக் கல்லூரிக்குக் கடிதம் எழுதினாள். நோயை மறைக்கவில்லை. செப்டம்பரில் வரச் சொன்னார்கள். மாத்திரைகள் தொடர்ந்தன. சில நாட்கள் நன்றாக இருந்தன, சில நாட்கள் இல்லை.

அம்மா பிறந்த வீட்டைப் பார்க்க ஜூலையில் ஜார்லத் நாயோடு வந்தார். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் ஊரே நின்று பேசும் நேரம். தெரியாத முகத்தைப் பார்த்ததும் பக்கத்துப் பண்ணைக்காரர் நெருங்கி வந்தார்.

"யாரு ஃபெஸ்டஸ் இது, விருந்தாளியா?"

ஃபெஸ்டஸ் அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசவில்லை. படியில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"விருந்தாளி இல்ல. எங்க டீலியா அத்தையோட மகன். அவங்க அமெரிக்காவே போகல. எங்கப்பா ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துட்டாரு. நாங்க மறைச்சுட்டோம்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வயதான மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் உண்டு," என்றார். "பெர்னி, அந்தக் காப்பகத்துக்கு எப்படி எழுதணும்?"