பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அதே வினாத்தாள்

நான் தபால்காரனாக இருந்த காலத்தில் உக்குவளையில் பழைய ஆட்கள் பலர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "முப்பத்தினாலு" என்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அது என் சைக்கிளின் இலக்கம் என்று நினைத்தார்கள். உண்மையில் அது ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த இடம். முப்பத்தாறு பிள்ளைகளில் முப்பத்தினாலாவது.

அப்போது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கும் விவேகச் சோதனை ஒன்றை நடத்தப்போவதாகச் சொன்னார். படித்த பாடம் எதுவும் அதில் வராது, பயப்பட வேண்டாம் என்றார். ஐந்து படங்களில் சேராத ஒன்றைக் கோடிட வேண்டும். இரண்டு, நான்கு, எட்டு என்று போகும் வரிசையில் அடுத்து வருவதை எழுத வேண்டும். அவர் சொல்லும் எண்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். சொற்களுக்குப் பொருள் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் பெயரும் பிறந்த திகதியும். அவர் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. குமிழை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். நான் கேள்விகளைப் பார்த்ததைவிட அந்தக் கடிகாரத்தைப் பார்த்த நேரம் அதிகம்.

யார் எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினார்கள் என்ற பட்டியலின் பிரதி ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு அவர் போனார். தலைமையாசிரியர் நல்ல மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. மறுநாளே பட்டியலை வாசித்து, அந்த வரிசைப்படி எங்களை வாங்குகளில் உட்காரவைத்தார். என் மூத்த சகோதரி, ராத்தா, இரண்டாவது. முன் வாங்கு. நான் கடைசி வாங்கு.

ராத்தாவும் நானும் ஒரே வகுப்பில் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு மூன்றரை வயதில் உம்மா மௌத்தாகி, வீட்டில் தாய் இல்லாமல் போனது. வாப்பா கடைத்தெருவில் தையல்காரர். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழும்புவார். ஏழு வயது ராத்தாதான் என்னைப் பார்த்துக்கொண்டார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த தலைமையாசிரியர், பிள்ளையை ஏன் படிக்க அனுப்பவில்லை என்று கேட்டிருக்கிறார். சின்னவனை யார் பார்ப்பது என்று வாப்பா சொல்ல, அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படி நான்கு வயதில் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன், அவர் பக்கத்தில் இருந்தே எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டேன். வருஷா வருஷம் அவரோடு சேர்த்து என்னையும் மேல் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது விசேஷமாகத் தோன்றவில்லை.

பட்டியல் வாசித்த நாளில் வாப்பா என்னைத் திட்டவில்லை. மாத்தளையில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ராத்தாவுக்குப் பதினாறில் கலியாணம் ஆனது. மச்சான் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிறவர். நான் எட்டாம் வகுப்போடு நின்று, இருபது வயதில் தபால்காரன் ஆனேன். வேலையில் என்மேல் குறை வந்ததில்லை. கிளார்க் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி போஸ்ட் மாஸ்டர் இரண்டு தடவை படிவத்தை நீட்டினார். இரண்டு தடவையும் திருப்பிக் கொடுத்தேன். நம் தலைக்கு எவ்வளவு ஏறும் என்பது அளந்து சொல்லப்பட்ட விஷயம் என்று நம்பியிருந்தேன்.

சோதனை நடந்து பதினெட்டு வருஷம் கழித்து, தபால் கந்தோர் ஜன்னலுக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி பழைய பட்டியல் ஒன்றோடு வந்து நின்றார். அதில் இருக்கும் ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க உதவி வேண்டும் என்றார். முதல் நான்கு பெயரைப் பார்த்ததுமே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அதே மிஸ். இப்போது விரிவுரையாளர். சிறு வயதில் எடுத்த புள்ளி வளர்ந்த பிறகும் அப்படியே இருக்குமா, மாறுமா என்று பார்க்கிறார்களாம். அன்று எழுதியவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் அதே வினாத்தாளையும், பெரியவர்களுக்கான இன்னொன்றையும் கொடுக்கப்போகிறார். நானும் அந்தப் பட்டியலில் இருப்பவன் என்று சொன்னேன். எத்தனையாவது என்று சொல்லவில்லை.

முகவரி தேடுவது என் தொழில். லீவு போட்டுக்கொண்டும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவரோடு அலைந்தேன். தம்புள்ளையில் ஒருவன் மரக்கறிக் கடை வைத்திருந்தான். வெளியே லொறிகள் ஹோர்ன் அடிக்க, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினான். பள்ளிக்கூடத்தில் நடுவில் இருந்தவன், இப்போதும் நடுவில்தான் வந்தான். ஒருத்தி மாத்தளையில் தாதி. முன் வாங்குக்காரி, இன்னும் முன்னால். மிஸ் ஒவ்வொருவரிடமும் முடிவை நேரில் உட்கார்ந்து விளக்கினார். அவருடைய ஆராய்ச்சிக்கு அது தேவையில்லை. எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். உழைத்துக் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்றார். அநேகம் பேர் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ஒவ்வொரு முடிவையும் கேட்டுவிட்டு என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் முப்பத்தினாலும் முப்பத்தினாலாகத்தான் இருக்கும்.

ஒருவன் மட்டும் எங்களைத் திகைக்க வைத்தான். அன்று எனக்கும் பின்னால், முப்பத்தைந்தாவதாக வந்தவன். லக்கலவில் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறான். பஸ்ஸால் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்து போனோம். யானை வந்து மிதித்த வேலியைக் கட்டிக்கொண்டிருந்தவன், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவசரமே இல்லாமல் எழுதினான். மிஸ் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். வகுப்பில் முதல் பத்துப் பேருக்குள் வந்திருந்தான். அன்று என்ன நடந்தது என்று அவனைக் கேட்டார். அவன் தாய் சிங்களப் பெண். வீட்டில் சிங்களம்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் அந்தச் சோதனை வந்தது. மிஸ் சொன்னதில் பாதி விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை என்று சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை. புத்தகத்தில் நிறைய நேரம் எழுதினார்.

ராத்தா வீட்டுக்குப் போகத்தான் எனக்குத் தயக்கம். மூன்று பிள்ளைகள், முற்றம் நிறையக் காயவைத்த கொக்கோ விதை, எந்நேரமும் வேலை. விஷயத்தைச் சொன்னதும் மறுத்துவிட்டார்.

"அதெல்லாம் போயிட்டு தம்பி. கடையில சாமான் சுத்தி வந்த பேப்பரைத்தான் நான் வாசிக்கிறது. மிஸ்ஸுக்கு முன்னால என்னை வெட்கப்படுத்தாதீங்க."

என்னிடம் அவர் "நீங்க" என்று பேசுவது கோபம் வந்தால்தான். ஆனாலும் அவ்வளவு தூரம் வந்த மிஸ்ஸைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேசையைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பென்சில் பிடித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நேரம் குறித்துச் செய்யும் பகுதியில் கை பின்தங்கியது. வரிசை எண்கள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொற்களுக்கு வந்தபோது மிஸ் கேட்டுக்கொண்டே போனார், ராத்தா சொல்லிக்கொண்டே போனார். தாளின் கடைசிச் சொல்லையும் தாண்டி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறவரைப்போல மிஸ்ஸின் கையைப் பார்த்தார்.

கூட்டி முடித்து, பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, மிஸ் இரண்டு எண்களையும் காட்டினார். கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சொல்வளம் கூடியிருக்கிறது என்றார்.

ராத்தா அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப அது இன்னும் இங்கதான் இருக்கா?"

"எங்கையும் போகேல்லை," என்றார் மிஸ். "நீங்கள் போயிட்டுதெண்டு நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறியள்."

ராத்தா தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். நாள் கடத்திப் பார்த்தேன். மிஸ் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், மாத்தளையில் அவர் தங்கியிருந்த உறவினர் வீட்டு விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, "நீங்கள் ஒராள்தான் மிச்சம்" என்றார். என்னுடைய நம்பர் எனக்குத் தெரியும், தாளை வீணாக்க வேண்டாம் என்றேன். என்ன நம்பர் என்று கேட்டார். முப்பத்தினாலு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பட்டியல் வாசித்ததையும், வாங்கு மாற்றியதையும், ஊரில் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது.

"அவர் அதையோ வாசிச்சவர்? அது வெறும் விடைக்கணக்கெல்லோ. வயசைச் சேர்க்காமல் அதுக்கு அர்த்தமே இல்லை. முடிவை நான் பிறகு தபால்ல அனுப்பினனான்."

சோதனை நடந்த அந்தத் தவணை முடிவில் தலைமையாசிரியருக்கு இடமாற்றம் வந்தது. கடிதம் வந்ததா, யாராவது பிரித்தார்களா, தெரியாது. மிஸ் தன் கோப்பிலிருந்து என் பழைய தாளை எடுத்தார். முதல் பக்கத்தில் என் கோணல் எழுத்தில் பிறந்த திகதி.

"பாருங்கோ, மற்றப் பிள்ளையளுக்குப் பதினொண்டு, பன்ரெண்டு வயசு. உங்களுக்கு எட்டு. எட்டு வயசுப் பிள்ளை எவ்வளவு செய்யுமோ அதோடதான் உங்களை ஒப்பிடவேணும். அப்பிடிப் பாத்தால் நீங்கள் அந்த வகுப்பில ஏழாவது."

முதலில் இந்த வினாத்தாளை எழுதுங்கோ, பிறகு பேசுவோம் என்றார். எழுதினேன். கேள்விகள் ஞாபகம் இல்லை. வயதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த முறையும் ஏறக்குறைய அதே எண். நான் மாறவே இல்லை. எட்டு வயதில் இருந்தவன்தான் இருபத்தாறிலும் இருந்தேன். மாறியதெல்லாம் என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டதுதான்.

சந்தோஷம் உடனே வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. திருப்பிக் கொடுத்த இரண்டு படிவங்களும் நினைவுக்கு வந்தன. வாப்பா இதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதும். மிஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கணக்கு முடியும் முன்னால் அந்தப் பட்டியலை எவரிடமும் கொடுத்திருக்கக் கூடாது, அன்று தனக்கு இருபத்திரண்டு வயது, அனுபவம் போதாது என்றார். தன் பிழையை அப்படி நேராக ஒப்புக்கொண்ட பெரிய படிப்பாளி ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் அந்த இடத்திலேயே பாதி இறங்கிவிட்டது.

மாத்தளையிலிருந்து சைக்கிளை மிதித்து நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அழத் தொடங்கிவிட்டார்.

"நான்தானே உன்னை அந்த வயசில இழுத்துக்கிட்டுப் போனேன். உன்ட வயசுப் பிள்ளைகளோட இருந்திருந்தா நீ முன் வாங்கில இருந்திருப்பே. எனக்குப் படிக்கணும்ங்கிறதுக்காக உன்னைக் கெடுத்துட்டேன்."

எட்டு வயதில் ஏழாவதாக வந்தது யாரால் என்று கேட்டேன். என் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தது அவர். அவர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வாசிப்பு வந்தது. உம்மா இல்லாத வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவனை அவர்தான் எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். இதையெல்லாம் எனக்குச் சொல்லத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு பேரும் முட்டாள் இல்லை" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த தடவை கிளார்க் பரீட்சைப் படிவத்தை நானே போய்க் கேட்டேன். முதல் முறை தவறியது. இரண்டாம் முறை கிடைத்தது. முதல் முறை தவறியபோது முன்போல ஒடிந்துபோகவில்லை. எந்தப் பாடத்தில் போனது என்று பார்த்து அதைப் படித்தேன். ராத்தா பள்ளிக்கூடம் போகாமலே, வெளிப் பரீட்சார்த்தியாக, பத்தாம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதினார். பகலில் கொக்கோ காய்ந்துகொண்டிருக்கும்போது முற்றத்தில் புத்தகத்தோடு இருப்பார். மச்சான் முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தார். பிறகு மாத்தளைக்குப் போகும்போதெல்லாம் பழைய வினாத்தாள்கள் தேடி வாங்கிவந்தார். கணிதத்தில் ராத்தாவுக்கு நல்ல பெறுபேறு. ஆங்கிலம் மட்டும் கைக்கு வரவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் பின்னேரங்களில் கணக்குக் கற்க அவரிடம் வந்தார்கள்.

மிஸ்ஸுக்கு நான் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். லக்கலக்காரனைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். புள்ளி பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது என்பதுதான் தன் முடிவு, ஆனால் அவனை மறந்துவிட்டு அந்த முடிவை எழுத முடியாது என்று ஒருமுறை எழுதியிருந்தார். அவரால் எனக்கு நஷ்டமும் வந்தது, அதைவிடப் பெரிதாக லாபமும் வந்தது. நஷ்டத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். வெயிலில் இரண்டு மணி நேரம் நடந்து ஒரு சேனைக்காரனிடம் அவனுடைய எண்ணை நேரில் சொல்லப்போன அந்த நடைதான் மனதில் நிற்கிறது. அவர் தேடி வராமல் இருந்திருந்தால் ராத்தாவும் நானும் அவரவர் வீட்டில், எங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வயதாகியிருப்போம்.