துடைத்து வைத்த பலகை

டிசைன் டீச்சர் தன் மாணவர்களுக்காக இணையத்தில் ஒரு பொதுப் பலகை தொடங்கினார். வரைந்ததை அதில் போட்டு, ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிப் பழக வேண்டும். ஆனால் டீச்சருக்கு அலங்கோலம் கண்ணில் பட்டாலே ஆகாது. வெள்ளிக்கிழமைதோறும் கோணல்மாணலான முதல் வரைவுகளை அழித்துவிட்டு, தேறியதை மட்டும் விட்டுவைப்பார். பளிச்சென்ற அந்தப் பலகையில் அவருக்கு ஏகப் பெருமை.

பாதியில் படிப்பை விட்ட ஒரு மாணவியை, ஆறு வருடம் கழித்து ஒரு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் பார்த்தார்.

"நல்லா வரைவியேம்மா, ஏன் விட்டுட்டே?"

"வேலைக்குப் போய்க்கிட்டே படிச்சேன்ல டீச்சர், சனிக்கிழமைதான் பலகையைப் பார்ப்பேன். எல்லாரும் எடுத்த எடுப்பிலேயே அழகா போட்டிருப்பாங்க. எனக்குத்தான் பத்துத் தடவை அழிச்சு வரைய வேண்டியிருந்துச்சு. இது நமக்கு வராதுன்னு விட்டுட்டேன்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு போன டீச்சர், அந்த வெள்ளிக்கிழமை பலகையில் ஒரு வரைவையும் அழிக்கவில்லை.