கைமாற்றாய்ப் போன பதினொரு பிள்ளைகள்

போன வாரம் கண்டி பஸ்ஸில் ஒரு சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல், தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதுமே எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். எண்ணெய் மணத்துக்கு வயிறெரிகிற கிழவன் இந்த மலைநாட்டில் நான் ஒருவன்தான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் மணப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். தெல்தெனியவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஆற்றுக்கு இக்கரையில் ஒரு தமிழ்ப் பள்ளி, அக்கரையில் ஒன்று, இரண்டிலும் எட்டாம் வகுப்பு வரை. கம்பளையிலிருந்து போன நான் இக்கரையில் உதவி ஆசிரியன். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவதே ஊருக்குப் பொழுதுபோக்கு. அங்கே ஓட்டுக் கூரை, ஆசிரியர் உட்காரக் கைவைத்த கதிரை. எங்களுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் தொண்டை கிழியக் கத்தினாலும் பாடம் கேட்காது. ஆனால் கணக்கில் எங்களை அடிக்க ஆளில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வந்த பார்வதி, ஆறாம் வகுப்பு, பின்னக் கணக்குகளை வாயாலேயே சொல்லிவிடுவாள். நான் பிழை விட்டால் கையைத் தூக்குவாள். அடிக்கடி தூக்கினாள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அக்கரை உதவி ஆசிரியன் யாழ்ப்பாணத்துச் சிவகுரு. இக்கரைக் கடைத்தெருவில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சோற்றுப் பானை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது கொத்தமல்லி அவித்துத் தந்தவன் அவன்தான். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

அந்த வருடம், ஒரு பள்ளியில் மட்டுமே ஐந்துக்கு மேற்பட்ட மேல்வகுப்புகளை விட்டுவைப்பார்கள் என்று செய்தி வந்தது. இன்ஸ்பெக்டர் வியாழன் அக்கரைக்கும் வெள்ளி இக்கரைக்கும் வந்து தலையெண்ணுவார். அக்கரையில் பிள்ளைகள் குறைவு. ஆய்வு நாளில் பிள்ளைகளைக் கைமாற்றாக அனுப்பும் வழக்கம் எங்களுக்குள் முன்பே உண்டு. சிவகுரு பதினொரு பிள்ளைகள் கேட்டான்.

“நீர் யோசியாதையும். ரெண்டு பக்கமும் தலை சரியா இருந்தா அவர் ஒண்டையும் மூடமாட்டார். வெள்ளி காலமை பிள்ளையள் உம்மட வாங்கில இருப்பினம்.”

எனக்கும் அது சரியாகப் பட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாளைக்குத் தோணியேறி அக்கரை சார் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். பார்வதியைக் கடைசி வாங்குப் பலகையில் இருத்தச் சொல்லி அவனிடமும் சொன்னேன். அவளை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார், மறுநாள் இக்கரையில் கண்டால் இன்ஸ்பெக்டருக்குப் பிடிபட்டுவிடும் அல்லவா. அவனோ முன்வாங்கில் இருத்தியிருக்கிறான், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மணியடித்தோம். பதினொரு இடம் வெறுமையாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் பெயர் கூப்பிடும் வரவு இடாப்பைப் பார்த்தார், வாங்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னத்தைச் சொல்வது? உண்மையைச் சொன்னால் என் கள்ளமும் வெளியே வரும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

பின்னேரம் தோணித் துறைக்கு ஓடினேன். பிள்ளைகள் அக்கரையிலிருந்து வந்து இறங்கினார்கள். ஏன் இன்றைக்கும் போனாய் என்று பார்வதியிடம் கத்தினேன். அவள் மிரண்டுபோனாள்.

“இன்னைக்கும் வரணும்னு நீங்கதான் சொன்னதா நேத்து அந்த சார் சொன்னாரு, சார்.”

இரவு சிவகுரு எதுவும் நடக்காதது போலச் சோறு போட்டான். தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை. “நீர் இந்தப் பக்கத்து ஆள், உமக்கு வேற இடம் தருவினம். எனக்கு ஆர் தருவினம்?” என்றான். மறுநாளே நான் அறையை விட்டுப் போனேன்.

மேல்வகுப்புகள் அக்கரைக்குப் போயின. மழைக்காலத்தில் தோணி ஓடாது. வெள்ளத்தில் பொம்பிளைப் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று பார்வதியின் அப்பா நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வரிசையில் கூடையோடு நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு நம்பிக்கைத் துரோகம் செய்தது சிவகுருவா, நானா? நான் போகச் சொல்லாவிட்டால் அவள் அந்தத் தோணியில் ஏறியிருக்கவே மாட்டாள்.

இப்போது இரு பள்ளிகளும், தோணித் துறையும், நாங்கள் இருந்த கடைத்தெருவும் பின்னாளில் அணை கட்டி உண்டான நீர்த்தேக்கத்தின் அடியில். எந்தப் பள்ளி திறம் என்று சண்டை பிடிக்க அங்கே ஒரு கல்லும் மிச்சமில்லை.

பஸ்ஸில் இருந்த சிறுமியிடம் என்ன வகுப்பு என்று கேட்டேன். ஆறாம் வகுப்பு என்றாள். கணக்கு எப்படி என்று கேட்க வாய் வரவில்லை.