வெள்ளை உடையில் போன அமைதி ஊர்வலம்

ஆடி முதல் ஞாயிறு. அரியலூர் பக்கம், ஒன்றோடொன்று அடிதடியில் இறங்கிய இரண்டு தெருக்களில் எங்கள் சேவைச் சங்கத்தார் வெள்ளை உடுத்தி மௌன ஊர்வலம் போனோம். நாங்கள் நெருங்க நெருங்கக் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன. பட்டப்பகலில் ஒரு குழந்தையின் குரல்கூட இல்லை.

கடைசி வாசலில் மட்டும் ஒரு பெண் எங்களை வெறித்தபடி நின்றாள். அடிபட்ட அவள் மகன் திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"ஏன் எழவுக்கு வர்ற மாதிரி வெள்ளை உடுத்திப் பேசாம வரீங்க? எம்புள்ள போயிட்டானா?"

மௌன ஊர்வலமாயிற்றே என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவள் அலறினாள். சாத்திய கதவுகள் திறந்தன. அரிவாளோடு ஆண்கள் எதிர்த்தெருவுக்குக் கிளம்பினார்கள்.

"நல்லா இருக்கான்மா!" என்று நான் கத்தியதை யாரும் நம்பவில்லை. அவளைப் பக்கத்து டெலிபோன் பூத்துக்கு இழுத்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் பேசினோம். அரிவாள்காரர்களும் பின்னாலேயே வந்து நிற்க, மகனே லைனில் வந்தான்.

"இட்லி தின்னுட்டேன்மா. சட்னிதான் வாயில வைக்க முடியல."

அவள் சிரித்த பிறகே அரிவாள்கள் தாழ்ந்தன.

இப்போதெல்லாம் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய், அடிபட்டவர்களைப் பற்றிய செய்தியை இரண்டு தெருக்களுக்கும் வீடு வீடாகச் சொல்கிறோம். வெள்ளை உடுத்துவதில்லை.